சிங்கப்பூர் கிராண்ட் ப்ரீ: திருச்சி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

சிங்கப்பூர் கிராண்ட் ப்ரீ என்னும் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்குப் போகிறவர் சனிக்கிழமையை நம்பித்தான் போக வேண்டும். ஞாயிறு பந்தயத்துக்கு மட்டும் ஒருநாள் சீட்டு வாங்கிக்கொண்டு போனால், கார்கள் இரண்டு மணி நேரம் சாரைசாரையாக முன்னே போய்க்கொண்டிருக்கும். யார் யாரை முந்தினார் என்பது வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் புரியும். "இவ்வளவு செலவு செய்தும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு மட்டும் போனவர்கள்.

காரணம் பாதையிலேயே இருக்கிறது. மரினா பே ஊருக்குள் ஓடும் சாலை. இருபுறமும் கான்கிரீட் சுவர், அதன்மேல் கம்பிவலை. 2008இல் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயம் இங்கே நடந்தபோது 23 திருப்பங்கள், 61 சுற்றுகள். 2023இல் வளைகுடா ஓரத்துப் பழைய பார்வையாளர் மேடையின் அடியில் புகுந்து வந்த பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 400 மீட்டருக்குச் சற்றே குறைவான நேர்சாலை போட்டார்கள். இப்போது 19 திருப்பம், சுற்றுக்கு ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர், 62 சுற்று. முந்துவதற்கு அது கொஞ்சம் உதவியதே தவிர, நிலைமை மாறவில்லை. 2023இல் கார்லோஸ் சைன்ஸ், 2024இல் லாண்டோ நோரிஸ், 2025இல் ஜார்ஜ் ரஸ்ஸல்: மூன்று வருடமும் போல் பொசிஷன் (எல்லோருக்கும் முன்னால் கிளம்பும் இடம்) எடுத்தவரே ஞாயிறும் ஜெயித்தார். ஆகவே பந்தயம் பெரும்பாலும், யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று தீர்மானிக்கும் சனிக்கிழமை இரவு குவாலிஃபையிங்கிலேயே முடிவாகிவிடுகிறது. சுவரை உரசிக்கொண்டு, டயரின் கடைசித் துளி பிடிப்பையும் செலவழித்து ஒரே ஒரு சுற்று. இந்தப் பாதையில் கண்ணால் பார்க்கக் கிடைப்பவற்றில் உச்சம் அதுதான்.

2026இல் அந்தச் சனிக்கிழமைக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. அக்டோபர் 9, 10, 11 தேதிகளில் நடக்கும் இந்த வாரம் சிங்கப்பூருக்கு முதல் ஸ்பிரிண்ட் வாரம், அதாவது கூடுதலாக ஒரு குறும்பந்தயமும் உள்ள வாரம். வெள்ளியன்று ஒரே ஒரு மணி நேரப் பயிற்சி, பிறகு ஸ்பிரிண்ட் குவாலிஃபையிங். சனியன்று சுமார் 100 கிலோமீட்டர் ஸ்பிரிண்ட் பந்தயம், அதன்பின் ஞாயிறுக்கான குவாலிஃபையிங். முன்பெல்லாம் மூன்று பயிற்சிகளில் மேடுபள்ளம் பழகிக்கொண்டு வந்தவர்கள், இப்போது அறுபது நிமிடம் ஓட்டிவிட்டு நேராகச் சுவரோரம் வேகம் காட்ட வேண்டும். தப்பு அதிகம் நடக்கும். ஸ்பிரிண்ட் முடிந்து குவாலிஃபையிங் தொடங்குவதற்குள் காரின் அமைப்பை மாற்ற அனுமதி உண்டு. அதனால் ஸ்பிரிண்டில் திணறிய அணி சில மணி நேரத்தில் வேறு காரோடு வந்ததுபோல் தெரியும். அதைக் கவனிப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

காரும் புதிது. இந்த வருட விதிப்படி அகலம் 2,000 மில்லிமீட்டரிலிருந்து 1,900 ஆகவும், சக்கர இடைவெளி 3,600இலிருந்து 3,400 ஆகவும் குறைந்திருக்கிறது. மின்மோட்டாரின் பங்கு 120 கிலோவாட்டிலிருந்து 350க்கு ஏறியிருக்கிறது. முந்துவதற்காகப் பின்னிறகைத் திறக்கும் டிஆர்எஸ் இப்போது இல்லை, நேர்சாலையில் எல்லாக் காருக்கும் முன்னிறகும் பின்னிறகும் படுக்கும், முன்னால் போகும் காருக்கு ஒரு நொடிக்குள் இருப்பவருக்கு மட்டும் கூடுதல் மின்சக்தி. பாதையில் வரும் ஆண்டர்சன் பாலம் மாதிரி ஒடுங்கிய இடத்தில் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் என்பது சின்ன விஷயமல்ல. கேடிலாக் புதிதாகச் சேர்ந்து 11 அணி, 22 கார் ஆகிவிட்டதால் குவாலிஃபையிங்கின் முதல் இரண்டு கட்டங்களிலும் ஆறாறு பேர் வெளியேறுவார்கள். ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாத பாதையில் 22 கார் ஒரே நேரத்தில் இடைவெளி தேடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். அக்டோபர் 10 புரட்டாசிச் சனி மட்டுமல்ல, மகாளய அமாவாசையும் அன்றுதான். திருவையாறு புஷ்ய மண்டபத் துறையிலோ மாயவரம் துலாக்கட்டத்திலோ வேதாரண்யம் கடலிலோதான் தர்ப்பணம் என்று வைத்திருக்கும் வீடுகளில் அன்று ஊரில் இல்லாமல் இருப்பது எளிதாக நடக்காது. எங்கிருந்தாலும் கொடுக்கலாம் என்கிற வீடாக இருந்தால் கவலையில்லை. கார் ஓடுவது மாலைக்கு மேல்தான், காலை முழுக்க உங்கள் கையில். இரண்டும் ஒத்துவராதவர்கள் அமாவாசையை முடித்துவிட்டு ஞாயிறுக்குப் பறப்பதைவிட, இந்த வருடத்தை விட்டுவிட்டு அடுத்த வருடம் மூன்று நாளும் போவதே நல்லது. சிங்கப்பூரின் ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது.

இனி சீட்டு. விற்பனை முன்கூட்டியே தொடங்கி, கட்டம் கட்டமாக விலை ஏறும். முதலில் வருவது மூன்று நாள் சீட்டு. ஒருநாள் சீட்டு பிறகுதான் வரும். அதிகாரபூர்வத் தளத்திலும் அவர்கள் அறிவித்த முகவர்களிடமும் மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் "ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது" என்று வரும் கியூஆர் குறியீடு வாசலில் இரண்டாவது முறை ஸ்கேன் ஆகாது. உங்களுக்கு முன்னால் இன்னொருவர் அதைக் காட்டி உள்ளே போயிருப்பார். வாங்கும் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவைத்திருக்க வேண்டும். பணம் போகாமல் நிற்பதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் அதுதான்.

பாதை ஸோன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஸோன் 1, கார்களுக்கு டயர் மாற்றும் பிட் கட்டிடமும் தொடக்கக் கோடும் இருக்கும் பக்கம். விலை மிக அதிகம், ஆனால் அந்தச் சீட்டோடு மற்ற ஸோன்களுக்கும் போகலாம். ஸோன் 4 பதாங் திடலைச் சுற்றியது. உட்கார இடமில்லாமல் நின்றும் நடந்தும் பார்க்கும் ஸோன் 4 வாக்அபவுட் சீட்டுதான் விலை குறைவு, நம்மூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவதும் அதுவே. அதை வைத்துக்கொண்டு ஸோன் 1 பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. பிட் ஸ்டாப், தொடக்கம், முதல் திருப்ப நெரிசல் எதுவும் கண்ணில் படாது. திரையில்தான் பார்க்க வேண்டும். 2017இல் வெட்டல், வெர்ஸ்டாப்பன், ரைக்கோனன் மூவரும் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று மோதி வெளியேறினார்களே, அந்த மாதிரி நிகழ்வு ஸோன் 4காரருக்குக் கூட்டத்தின் கூச்சலாக மட்டுமே வந்து சேரும். எல்லா ஸோனுக்கும் போக விடும் பிரீமியர் வாக்அபவுட் என்று ஒன்று உண்டு. உட்கார இடம் கிடையாது. ஆனாலும் கால் வலுவுள்ள, பந்தயம் தெரிந்த ரசிகருக்குப் பணத்துக்கு ஏற்ற பலன் தருவது அதுதான்.

பதாங் மேடையில் உட்காரும் சீட்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கட்டிட அழகு உண்டு. எதிரே நேஷனல் கேலரியின் தூண்கள், மின்னொளி, பின்னால் திடலில் கச்சேரி மேடை. ஆனால் அந்த மேடை செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலைக்கு நேர் எதிரே. கார் இடமிருந்து வலமோ வலமிருந்து இடமோ ஒரு கண்சிமிட்டலில் தாண்டிவிடும். பிரேக் பிடிப்பதும் இல்லை, திரும்புவதும் இல்லை. யார் ஓட்டுகிறார் என்று ஹெல்மெட் நிறம் பார்ப்பதற்குள் போய்விடும். இரவுக் கச்சேரிக்காக வருகிறவருக்கு நல்ல இடம். பந்தயத்துக்காக வருகிறவர் அந்தப் பணத்தில் திருப்பம் தெரிகிற மேடை தேட வேண்டும்.

எங்கே நின்றாலும் ஒரு விதி: கார் உங்களைக் குறுக்கே கடக்கும் இடத்தைவிட, உங்களை நோக்கி வந்து வேகம் குறைக்கும் இடம் மேல். ராஃபிள்ஸ் புலவார் நேர்சாலை முடிந்து இடதுபுறம் திரும்பும் ஏழாம் திருப்பம் இங்கே முந்துவதற்கு முதன்மையான இடம். அந்தப் பக்கம் பார்வை விழும் மேடையில் இடம் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் மிதிக்கும்போது முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வெண்புகை எழுவது, தரையில் அடிபட்டுத் தீப்பொறி பறப்பது, தொலைக்காட்சி தட்டையாக்கிவிடும் அந்த மேடுபள்ளம் எல்லாம் அங்கே தெரியும். திருப்பத்துக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று காட்டும் தூரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒருவர் பலகை தாண்டி மிதிக்கிறார், இன்னொருவர் பலகைக்கு முன்பே. பத்து சுற்று கவனித்தால் யாருக்குக் காரில் நம்பிக்கை இருக்கிறது என்று நேரப்பட்டியல் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஸோன் 4 வாக்அபவுட்காரருக்கு ஆண்டர்சன் பாலத்துப் பக்கமும் அதைத் தாண்டிய பதிமூன்றாம் திருப்பமும் நல்லவை. கார் மிக மெதுவாக வளையும். ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கில் எத்தனை முறை திருத்துகிறது என்று பார்க்கலாம், பள்ளிக்குழந்தைகள்போல் வரிசையாக வரும் கார்களில் யார் பின்டயர் தேய்ந்து வழுக்குகிறது என்று பார்க்கலாம். உயர்த்திக் கட்டிய பார்வைத் தளங்கள் அங்கங்கே உண்டு. ஆனால் முன்வரிசையில் நிற்பவருக்கு மட்டும்தான் அவை தளம். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகும் தூக்கிப் பிடித்த ஃபோனும். உயரம் குறைந்தவர்களும் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களும் வாக்அபவுட்டை வாங்காமல் இருப்பது நல்லது. தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்க முடியாது. மடிப்பு நாற்காலியை நம்பியும் போக வேண்டாம்.

ஆகவே வெள்ளிக்கிழமை சுற்றிப் பார்ப்பதற்கு. பயிற்சி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஓர் இடம் என்று மாறிக்கொண்டே இருங்கள். வலை எங்கே அடர்த்தியாக இருக்கிறது, பெரிய திரை எந்த இடத்திலிருந்து தெரிகிறது, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரை தெரியாத இடம் எவ்வளவு நல்ல திருப்பமாக இருந்தாலும் ஞாயிறுக்கு வேண்டாம். யார் எப்போது டயர் மாற்றினார் என்றே தெரியாமல் போகும். ஞாயிறு எட்டு மணிப் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுத்த இடத்தில் ஆறு மணிக்கெல்லாம் நின்றுவிட வேண்டும். நம்மூர் நேரம் அங்கேயிருந்து இரண்டரை மணி பின்னால், வீட்டில் இருப்பவர்கள் ஐந்தரைக்கு டிவி போட்டால் போதும். கூட்டத்தில் இணையம் தடுமாறும். அதனால் சீட்டின் கியூஆர் குறியீட்டை முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரப்பட்டியல் செயலி ஓடினால் பார்க்கலாம், ஓடாவிட்டால் பெரிய திரை. பந்தயம் முடிந்து நண்பர்களோடு சண்டை பிடிக்க ஆசைப்படுகிறவர் யார் எந்தச் சுற்றில் பிட்டுக்குள் போனார், எந்த டயரோடு வெளியே வந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வரட்டும். "அண்டர்கட் செய்திருந்தால் (எதிராளிக்கு முன்பே டயர் மாற்றியிருந்தால்) ஜெயித்திருப்பார்" என்கிற வாதமெல்லாம் அந்தத் தாளில்தான் நிற்கும்.

ஃபோனில் படம் எடுக்கும்போது குவியம் கம்பிவலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், கார் மங்கலாகிவிடும். லென்ஸை வலைக்கு ஒட்ட வைத்து, தூரத்துச் சாலையில் குவியத்தைத் தட்டிப் பூட்டிவிட்டு எடுங்கள். காரோடு சேர்ந்து ஃபோனை நகர்த்தினால் பின்னணி கோடாகவும் கார் தெளிவாகவும் வரும். இருபது எடுத்தால் ஒன்று தேறும். வெள்ளியன்று எடுத்து முடித்துவிட்டு, மற்ற இரண்டு நாளும் கண்ணால் பாருங்கள்.

வெப்பத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்வோம், அக்கினி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் பெரிய கோயில் கல்தரையில் நடந்த கால் அல்லவா. ஆனால் அங்கே வெயிலைவிட இரவுப் புழுக்கமே ஆளை அடிக்கும். கடற்காற்று நின்றுபோன நாகப்பட்டினத்துச் சாயங்காலத்தை நடுராத்திரி வரை நீட்டினால் எப்படியோ அப்படி. வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால் பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பு வெப்ப ஆபத்து அறிவிக்கும். அந்த அறிவிப்பு முதல்முதலாக வந்ததே 2025 சிங்கப்பூரில்தான். ஓட்டுநருக்குக் குளிரூட்டும் உடுப்பு உண்டு, நமக்கில்லை. பருத்திச் சட்டை, மூடிய ஷூ, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு இரண்டு, நீர் நிரப்பிக்கொள்ள ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடிப் பாட்டிலும் டின்னும் உள்ளே போகாது. குடை வேண்டாம், விரித்தால் பின்னால் நிற்பவருக்கு எல்லாம் மறையும். மெல்லிய மழைக்கோட்டு போதும். மழை வந்தால் சாலை காயும் வரை காத்திருக்க வேண்டியதுதான். 2022இல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கி, இரண்டு மணி நேர வரம்பு முடிந்துவிட்டதால் 61இல் 59 சுற்றோடு நிறுத்தினார்கள். அந்த மாதிரி இரவில் கடைசி ரயிலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காதுக்கு அடைப்பான் அவசியம். இன்றைய வி6 என்ஜின் 2013 வரை ஓடிய வி8 போலக் காதைக் கிழிக்காது என்பது உண்மை. ஆனால் சுவர்களுக்கிடையில் சத்தம் திரும்பத் திரும்ப மோதும், துணைப் பந்தயக் கார்களின் சத்தமும் குறைவல்ல. பெரியவர்களுக்கு நுரை அடைப்பான் போதும், பிள்ளைகளுக்குக் காதை முழுக்க மூடும் கவசம்.

போக்குவரத்தில்தான் நமக்கு ஒரு பெரிய வசதி. சென்னைக்குப் போக வேண்டியதே இல்லை. திருச்சியிலிருந்து நேர்விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். தஞ்சாவூரிலிருந்து விமான நிலையம் காரில் ஒன்றேகால் மணி நேரம், கும்பகோணத்திலிருந்து இரண்டரை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலேறி நாள்கணக்கில் அலையில் ஆடிப்போன ஊர் இது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஸ்கூட் விமானத்தில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கையில் 10 கிலோதான். மூன்று நாள் பந்தயத்துக்கு அது தாராளம். திரும்பும்போது சாமான் சேரும் என்றால் மட்டும் பெட்டிக்குத் தனியாகக் கட்டுங்கள், விமான நிலையத்தில் கட்டினால் விலை கூடும். வெள்ளி காலைக்குள் போய்ச் சேருவதும் திங்கள் கிளம்புவதுமாகச் சீட்டு எடுங்கள். ஞாயிறு நள்ளிரவு விமானத்தை நம்பிப் பந்தயம் பார்க்கப் போனால் ஐம்பதாவது சுற்றிலிருந்து கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள்.

விசா கட்டாயம். சென்னைத் துணைத்தூதரகம் அங்கீகரித்த முகவர் மூலமோ, அங்கே குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள உறவினர் மூலமோ விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பாது. முகவர் அதற்குமேல் எவ்வளவு கேட்கிறார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடவுச்சீட்டுக்கு ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், மூன்று மாதத்துக்குள் எடுத்தது. பழைய படத்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம். விண்ணப்பத்தைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாமல் முன்பே கொடுத்துவிடுங்கள். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல. கும்பகோணம் வெற்றிலை கொண்டுபோகிற பழக்கம் உள்ளவர்கள் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் அங்கே தடை, சுயிங்கம்மும் கொண்டுபோகக் கூடாது.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா. மரினா பே விடுதிகள் அந்த வாரம் விலை உச்சத்தில் இருக்கும், சிராங்கூன் சாலைப் பக்கமும் ஏறும், ஆனால் தாங்கும். லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் புரொமனாட், ஸோன் 1க்கு அதுதான். ஸோன் 4க்கு வடகிழக்குத் தடத்தில் ஒரு நிறுத்தம் போய் தோபி காட்டில் மாறி, இன்னொரு நிறுத்தம், சிட்டி ஹால். வங்கி அட்டையை நிலையக் கதவில் தட்டினால் போதும், தனிச்சீட்டு வேண்டியதில்லை. புரட்டாசி விரதக்காரர்கள் பந்தய வளாகத்துக்குள் சைவம் தேடி வரிசையில் நிற்காமல், நாலு மணிக்கே கோமள விலாஸிலோ ஆனந்த பவனிலோ சாப்பாடு முடித்துவிட்டுப் போவது வயிற்றுக்கும் பைக்கும் நல்லது. உள்ளே எல்லாமே விலை, பாட்டில் தண்ணீர் உள்பட.

பந்தயம் முடிந்ததும் பாதையில் நடக்க விடும் இடங்களில் இறங்கி நடங்கள். டயர் உருகிப் படிந்த ரப்பர் உருண்டைகள் காலில் ஒட்டும், சாலையின் வளைவும் சரிவும் தொலைக்காட்சியில் தெரிந்ததைவிட எவ்வளவு அதிகம் என்று அப்போதுதான் புரியும். அரைமணி நேரம் அங்கே செலவழித்தால் சிட்டி ஹால் நிலையத்து நெரிசலும் கொஞ்சம் குறைந்திருக்கும். அப்போதும் வரிசை நீளமாக இருந்தால் அங்கே நிற்க வேண்டாம். நார்த் பிரிட்ஜ் சாலை வழியாகக் கால்மணி நேரம் நடந்து கிளார்க் கீ நிலையம் போங்கள். மாறவே வேண்டாம், இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா.